லேடி ஹாரியட்டைத் தாழ்த்துகிறவர்

உலகக் கடற்போர் வரலாற்றிலேயே ஒரே எதிரிக் கப்பலை வருடாவருடம் தண்ணீரில் தாழ்த்துகிற ஒரே மனிதர் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான எங்கள் லா சப்பலில்தான் இருக்கிறார். பிரெஞ்சுக் கடற்படை முழுவதும் திரண்டு வந்தாலும் அவர் கால்தூசுக்குக் காணாது. பெயர் தவரத்தினம். என் அப்பாவின் கடையில் மீன் வெட்டுகிறார். எனக்கு மாமா முறை.

கப்பலின் பெயர் லேடி ஹாரியட். வெள்ளைக்காரன் கட்டிய ரோந்துக் கப்பல். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரிந்து ஒன்றையும் பிடிக்காத வீராங்கனை. வெள்ளைக்காரன் போன பிறகு, கிழட்டு வயதில், பருத்தித்துறைக் கடலில் கடத்தல்காரரைத் தேடியது. ஒரு மாரியில், விளக்கை அணைத்துக்கொண்டு வந்து, மாமாவின் ஐயா, அதாவது அவருடைய அப்பா, மீன்பிடித்துக்கொண்டிருந்த வள்ளத்தை நடுவால் பிளந்தது. கூடப் போயிருந்த மாமா அப்போது சின்னப் பெடியன். பலகையொன்றைப் பிடித்துத் தப்பினார். ஐயா திரும்பவில்லை. மாமா வளர்ந்து பழிவாங்கக் கிளம்புவதற்குள் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். எதிரி இப்படி ஏமாற்றினால் மனிதன் என்னதான் செய்வான்?

ஐயாவின் திவசத்தன்று மாமா மீனைத் தொடமாட்டார். படையலைக் காகத்துக்கு வைப்பார். காகம் வராவிட்டால் புறாவுக்கு. பிறகு தானே செய்த லேடி ஹாரியட்டைத் தூக்கிக்கொண்டு லா வில்லெத் வாய்க்காலுக்குப் போவார். அவளைத் தாழ்த்திவிட்டுத்தான் சாப்பாடு.

போன வருடம் பலகையில் செய்தார். தாழவில்லை. மிதந்து போனதை ஒரு பிரெஞ்சுக்காரர் தடியால் இழுத்து, துடைத்து, "உங்கள் படகு, மிஸ்யூ" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். கடையில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம். மாமா அன்று பட்டினி.

அவர் பட்டினி கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வருடம் எண்ணெய்த் தகரத்தில் கட்டி, சாம்பல்நிறப் பெயிண்ட் அடித்தார். எனக்கு அதிலும் நம்பிக்கை வரவில்லை. நேற்று அவர் இல்லாத நேரம் மேல்தட்டைக் கழற்றி, உள்ளே இரும்புத் துண்டுகளை நிரப்பினேன்.

இன்று நானும் கூடப் போனேன். மாமா குனிந்து கப்பலை விட்டார். கல்லுப்போலப் போனது.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்தார்.

"ஐயா தாழ நேரம் எடுத்தது," என்றார். "என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் போனவர். இவளும் மெல்ல மெல்லப் போகவேணும் எண்டு அடியிலை ஊசித்துளை போட்டனான். அவள் அண்டைக்கு நிண்டு பாக்கேல்லை. நான் நிண்டு பாக்கவேணும்."

தகரம் பாரம்தானே என்றேன்.

"கையைக் காட்டு, சேந்தன்."

காட்டினேன். நகத்துக்குள் கப்பலின் சாம்பல்நிறப் பெயிண்ட்.

"சப்பாத்தைக் கழட்டு," என்றார் மாமா. "இறங்கி அவளை எடு."