யோகண்ணை ரவுட்டர் பார்க்க வந்த ஒன்பது நாட்கள்

யோகண்ணை இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலர்களைப் பக்கமாக்கி அச்சகத்துக்கு அனுப்புவது என் பிழைப்பு. முப்பத்தோராம் நாளுக்கு மலர் கையில் இருக்கவேண்டும் என்று வெளிநாடுகளிலிருந்து படங்களும் கட்டுரைகளும் வந்தபடி இருக்கும். அன்று காலையும் லண்டனிலிருந்து ஒரு மகள் எழுதியிருந்தார். இணைத்திருந்த படத்தை அழுத்தினேன். கண்மூடித் திறப்பதற்குள் முழுப்படமும் இறங்கிவிட்டது. திரையில் யோகண்ணை. படம் அவ்வளவு விரைவாக இறங்கியதற்குக் காரணமே அவர்தான்.

அவர் போய் ஐந்து நாளாகியிருந்தது. நெல்லியடியில் உள்ள என் வீட்டிலிருந்து வல்வெட்டித்துறைக்கு மோட்டார் சைக்கிளில் கால்மணித்தியாலம். இருந்தும் எனக்கு அறிவிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை. எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்தவர் எவருமில்லை.

இந்த மலரில் நானும் ஒரு பக்கம் எழுதலாமா என்று கேட்டேன். மகள் தாராளமாக எழுதச் சொன்னார். கட்டுரையின் அடியில் எழுதியவரின் பெயரையும் அதன் கீழே உறவையும் போடுவது நம் வழக்கம்: மைத்துனர், பெறாமகன், சக ஊழியர், நண்பர். எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு அதைப் போட்டுக்கொடுத்தவன், என் பெயருக்குக் கீழே என்ன போடுவதென்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். நண்பர் என்று போட எனக்கு உரிமை உண்டா? அவர் என் வீட்டுக்கு வந்தது ஒன்பது நாள். வந்ததும் ரவுட்டர் திருத்த.

உங்களில் பலருக்கு அவர் தொலைபேசிக் கம்பிகளில் ஏறி வேலைசெய்த காலம் தெரிந்திருக்கும். ஓய்வுபெற்ற பிறகு வீடுகளுக்குப் போய் இணைய இணைப்புகளைப் பார்த்துக்கொடுத்தார். நான் அவரை அறிந்தது அப்படித்தான். என் கணினி பழையது, வயர் குத்தினால்தான் அதற்கு இணையம். கைபேசியில் எண்பது காட்டும் வேகம் கணினியில் எட்டைத் தாண்டாது. இணைப்புத் தந்தவர்கள் வந்து பார்த்துத் தங்கள் பக்கம் சரி என்று போய்விட்டார்கள். நான் ஒவ்வொரு மலரையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு சந்தையடிக் கடைக்கு அலைந்து அச்சகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரோ அவருடைய எண்ணைத் தந்தார்கள்.

முதல்நாள் பின்னேரம் வந்தவர் வயரை மட்டும் மாற்றினார். மூன்றுதரம் வேகத்தை அளந்து, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். எட்டுத்தான். நான் அடுத்தது என்ன என்று கேட்டேன்.

"அடுத்தது நாளைக்கு. ஒரு நாளைக்கு ஒண்டைத்தான் மாத்தவேணும் தம்பி. ரெண்டை ஒண்டா மாத்தினால் எதிலை பிழையெண்டு பிறகு பிடிக்கேலாது" என்றார். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் வயரை ரவுட்டரின் வேறு துவாரத்தில் குத்திப் பார்த்தார். அதற்கடுத்த நாள் வயரின் நுனியை வெட்டிப் புதிதாகப் பூட்டினார். பிறகொரு நாள் ரவுட்டரைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து அலுமாரிக்கு மேலே மாற்றச் சொன்னார். எனக்கு எரிச்சல் வந்தது. "வயரிலை வாற வேகத்துக்கும் பிரிஜ்ஜுக்கும் என்ன சம்பந்தம் அண்ணை?" என்று கேட்டேன். "இருக்கோ இல்லையோ எண்டு பாப்பம்" என்றார். இருவரும் மேசையில் ஏறி இறங்கியதுதான் மிச்சம். எட்டு எட்டாகவே இருந்தது.

அளந்து முடித்ததும் தேத்தண்ணி குடிப்பார். குடித்துக்கொண்டே திரையில் நான் செய்துகொண்டிருந்த மலரைப் படிப்பார். ஒருநாள் நாலைந்து பக்கம் படித்துவிட்டு, "எல்லாரும் அன்பும் பண்பும் நிறைஞ்ச ஆக்களாய்க் கிடக்கினம். இவ்வளவு பேரும் உயிரோடை இருக்கேக்கை எங்கை இருந்தவையள்?" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருபது வருடமாக அந்தச் சொற்களைப் பக்கமாக்கி வருகிறவன் நான். அம்மா காலமான பிறகு அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆறாம் நாள் கரண்ட் இல்லை. அவர் வந்து படலையைத் திறக்கும்போதே, "அண்ணை, கரண்ட் போட்டுது. இண்டைக்கு ஒண்டும் பாக்கேலாது" என்று சொன்னேன். "ஓம், வழியெல்லாம் இல்லைத்தான்" என்றபடி செருப்பைக் கழற்றினார். அன்று ஒரு வேலையும் நடக்கவில்லை. மகளின் பிரசவத்துக்கு லண்டன் போன மனைவி அங்கேயே தங்கிவிட்ட கதையைச் சொன்னார். ஒருவரையும் குறை சொல்லவில்லை. "அவளுக்கும் பேரப்பிள்ளையை விட்டிட்டு வர மனமில்லை. பகல் பறுவாயில்லை தம்பி. பின்னேரம்தான் போகுதில்லை" என்றார். நான் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னேன். அதை நான் வேறு ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் இருட்டும்வரை இருந்து கேட்டார்.

ஒன்பதாம் நாள்தான் ரவுட்டரைக் கழற்றி ஒருபக்கம் வைத்துவிட்டு, சுவரில் இணைப்பு வந்து சேரும் பெட்டியில் கணினியின் வயரை நேராகக் குத்தினார். எண்பது. மூன்றுதரமும் எண்பது. வயரிலோ கணினியிலோ பிழையில்லை, ரவுட்டர்தான் வயர்ப் பக்கத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதை முதல்நாளே செய்து பாத்திருக்கலாமே அண்ணை?"

"பாத்திருக்கலாம்" என்றார்.

பைக்குள்ளிருந்து புதிய ரவுட்டர் ஒன்றை எடுத்துப் பூட்டினார். அளக்கமுன்னமே புதியது எப்படிப் பைக்குள் வந்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. ஒன்பது நாள் வீணாய்ப் போயிற்றே என்ற கடுப்பில் அன்று தேத்தண்ணி போடவும் மறந்துவிட்டேன்.

அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு வல்வெட்டித்துறை வீட்டுக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் உடுப்பிட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருடைய கடையிலும் இதே வயர் பிரச்சினை வந்ததாம். "அண்ணை வந்தால் அரை மணித்தியாலம்தான்" என்றார். "வந்த உடனை ரவுட்டரைக் கழட்டி வைச்சிட்டு நேரை குத்திப் பாப்பார். அதை முதல் பாத்தால் பாதி வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுவார்." முன்னால் இருந்த இன்னொருவரும் திரும்பித் தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். உங்கள் வீட்டில் எப்படி என்று என்னிடம் கேட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று பொய் சொன்னேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. முதல்நாளே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனியாகக் கிடக்கிறான், பாவம் என்று நினைத்து வந்துபோயிருக்கிறார். என் பெயருக்குக் கீழே போடவேண்டியது நண்பர் அல்ல, அவர் இரக்கப்பட்ட ஒருவன் என்று அப்போது விளங்கிவிட்டது போலிருந்தது. சாப்பிடாமல் எழுந்து வெளிக்கிட்டேன். யோகண்ணையின் தங்கை பரமேஸ் படலையடியில் என்னை மறித்து, ஆர் எவர் என்று விசாரித்தார். நெல்லியடி, மலர் செய்கிறவன் என்றேன்.

"நீங்களோ அது!" என்றார். "நாலு மணிக்கே முகங்கழுவி, சேட்டு மாத்திக்கொண்டு நிப்பார். எங்கை அண்ணை எண்டால், நெல்லியடியிலை சிநேகிதன் வீட்டை எண்டுவார். அண்ணைக்கு எங்களுக்குத் தெரியாத சிநேகிதன் ஆரெண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள். பிறகு ஒருநாளும் போகேல்லை. ஏன் போகேல்லை எண்டு கேட்டன். அங்கை எல்லாம் திருத்தியாச்சு எண்டு சொன்னார்."

நான் அங்கேயே நின்று அழுதேன். முன்பின் போகாத ஒரு வீட்டுப் படலையில் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

புது ரவுட்டர் பூட்டி ஒரு மாதத்தில் யோகண்ணை எனக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்திருந்தார். நான் வேலை மும்முரத்தில் இருந்தேன்.

"தம்பி, இப்ப வேகம் எப்பிடி?"

"நல்லாயிருக்கு அண்ணை."

"ஒருக்காலும் குறையேல்லையே?"

"இல்லை. ஒரு பிரச்சினையும் இல்லை."

"பின்னேரத்திலையும்?"

"பின்னேரத்திலையும்தான்."

"அப்ப சரி" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒன்பது நாட்களையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அவரிடமிருந்து என்னோடு கடைசிவரை இருக்கப்போவது அந்தத் தொலைபேசி அழைப்புத்தான். அதற்குப் பிறகு அவர் நாலு மாதம் உயிரோடு இருந்தார். அந்த நாலு மாதமும் என் வீட்டில் ஒரு பழுதும் இல்லை. பழுது இல்லாதபோது ஒரு மனிதரை வீட்டுக்கு வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.