முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்திரண்டு

போன வாரம் நான் மாமா ஆனேன்.

இருங்க, வாழ்த்தெல்லாம் பிறகு. அதற்கு முன்னாடி நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை செல்வியும் அவள் புருஷன் மோகனும் இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம், நிவித்திகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார்கள். மோகனுக்கு ஃபேக்டரியில் வேலை. தங்கமான மனுஷன். ஒரே ஒரு குறை... எதையும் யாரிடமும் கேட்க மாட்டார். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் அவரிடம் சொந்தமாக ஒரு தியரி இருக்கும்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம். நடுவில் ஒன்று தங்காமல் போனது. தோட்டத்துக் கல்ரோட்டில் லொறியில் குலுங்கிப் போனதுதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் மோகன் மனசில் அந்த ரோடு முள்ளாகத் தைத்துவிட்டது. இந்தத் தடவை செல்வி உண்டானதும் அவர் செய்த முதல் வேலை, கடனோ உடனோ வாங்கி ஒரு பழைய ஜப்பான் கார் எடுத்ததுதான்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகச் சொன்ன நாள் வந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். காலையில் வாசலுக்கு வந்து பார்த்தால், மாப்பிள்ளை டயருக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். கையில் ஒரு குச்சி. "உஸ்ஸ்ஸ்..." என்று சத்தம்.

"என்னா மாப்ள, பாம்பா?"

"காத்து எறக்குறேன் மச்சான். டயரு விறைப்பா இருந்தா ரோட்டுல உள்ள அத்தனை கல்லும் அவ வயித்துலதான் இடிக்கும். காத்து கொறைஞ்சா மெத்து மெத்துன்னு போகும் பாருங்க."

தியரி! நான் தடுத்தேனா? எங்கே... "உங்க மூளையே மூளை மாப்ள" என்று பாராட்டிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் — கல்ரோட்டில் கார் ஊர்ந்து போனபோது ஆட்டமே தெரியவில்லை. பின் சீட்டில் செல்வி கண்ணசந்துவிட்டாள்.

"பார்த்தீங்களா மச்சான்? தொட்டில்!" என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் பல்லாக.

கல்ரோடு முடிந்து தார் ரோட்டில் ஏறினோம். இறக்கின காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும் என்கிற இரண்டாம் பாகம் அவருடைய தியரியில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்துச் செல்வி "அம்மா!" என்று முனகினாள். வலி! டொக்டர் சொன்ன பிரசவ நாளுக்கு முன்னாடியே வலி. மோகன் பதறிப்போய் அக்ஸிலேட்டரை மிதித்தார்.

ஒரு வளைவு வந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப, கார் இன்னொரு பக்கம் அலைந்துகொண்டு போனது. எதிரே பஸ். ஹோர்ன் சத்தத்தில் காது அடைத்துப்போய், எப்படியோ இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

"ரோட்டு சரியில்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாடை. ரப்பர் வாடை. நீங்களாக இருந்தால் உடனே காரை நிறுத்தியிருப்பீர்கள். நாங்கள் யார்? ரப்பர் தோட்டத்து ஆட்கள்! விடிந்தால் ஒட்டுப்பால் நாற்றம், பொழுது சாய்ந்தால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற நாற்றம். ரப்பர் வாடையெல்லாம் எங்களுக்கு ஒரு வாடையா? ஜன்னலைக்கூட நான் ஏற்றவில்லை.

வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு மூக்கு கூர்மை. "என்னாங்க... இது நம்ம தோட்டத்து வாடை இல்லைங்க. என்னமோ கருகுது. நிப்பாட்டுங்க" என்றாள் செல்வி.

நிறுத்தி, இறங்கி, பின் டயரில் கை வைத்தேன். சுட்டுவிட்டது. டயர் இரண்டு பக்கமும் பிதுங்கித் தரையில் உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் இதே வேகத்தில் போயிருந்தால்... நினைக்கவே பயமாக இருந்தது. மோகனைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"ஆட்டக்கூடாதுன்னுதானே மச்சான் எறக்குனேன்..." என்றார். எந்தக் குழந்தைக்காக இறக்கினாரோ, அந்தக் குழந்தையை அந்தக் காற்றே கொண்டுபோகப் பார்த்தது. திட்ட வாயெடுத்த நான் அவர் தோளைத் தட்டினேன்.

நல்ல வேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு பெற்றோல் ஷெட். நத்தை வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். காற்றடிக்கிறவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து கேட்டார்:

"கீயட்டத மாத்தயா?"

சிங்களத்தில் 'மாத்தயா' என்றால் ஐயா. இந்தக் 'கீயட்டத'தான் பொல்லாத வார்த்தை. 'எவ்வளவுக்கு?' என்றாலும் கீயட்டத. 'எத்தனை மணிக்கு?' என்றாலும் அதே கீயட்டத. மாப்பிள்ளைக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. ஆனால் அன்றைக்கு?

"தன்னே நே அய்யே..." — தெரியவில்லை அண்ணே — "அநேகமா இன்னைக்குச் சாயந்திரம் பொறந்திரும்!" என்று சிங்களத்திலேயே சொன்னார், கையைக் கூப்பாத குறையாக.

அந்த மனிதர் காரைப் பார்த்தார். செல்வியின் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரைக் காட்டினார்.

சரி, டயருக்கு எவ்வளவு காற்று? மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து, வலிக்கு நடுவே, செல்விதான் சொன்னாள்: "டிரைவர் கதவைத் தொறந்தா முருகன் ஸ்டிக்கர் இருக்கும் பாருங்கண்ணே. அதுக்குக் கீழ என்னமோ நம்பர் இருந்திச்சு. அசிங்கமா இருக்குன்னு நான்தான் மேல முருகனை ஒட்டினேன்."

முருகா, கொஞ்சம் தள்ளிக்கோ அப்பா என்று பிய்த்தெடுத்தேன். ஜப்பான் எழுத்து ஒன்றும் புரியவில்லை. எண்கள் புரிந்தன, ஆனால் அது வேறு அளவுக் கணக்கு. காற்றடிக்கிறவரின் மீட்டரில் அதற்கு நேரே பார்த்தால் முன் டயருக்கு முப்பது, ஆள் நிறைந்திருந்தால் பின் டயருக்கு முப்பத்திரண்டு.

"இஸ்ஸரஹ திஹட்ட, பஸ்ஸே திஸ்தெகட்ட" என்று அவர் சொல்லிக்கொண்டே அடித்தார். (இஸ்ஸரஹ — முன்னாடி. திஹட்ட — முப்பதுக்கு. திஸ்தெகட்ட — முப்பத்திரண்டுக்கு. பஸ்ஸே என்றால் 'பின்னாடி'. 'அப்புறம்' என்றாலும் அதே பஸ்ஸேதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) டயர் ஓரமெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போகச் சொன்னார். சூட்டில் அளவு சரியாகக் காட்டாது, டயர் ஆறினதும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார். யாரிடமும் எதையும் கேட்காத எங்கள் மாப்பிள்ளை அவரிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் "திஹட்ட... திஸ்தெகட்ட..." என்று முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார்.

யோசித்துப் பாருங்கள். காரைத் துடைக்கிறோம், பூஜை போடுகிறோம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பழத்தை வைக்கக் குனிகிறபோது டயரை ஒரு தரம் பார்க்கிறோமா? காற்று குறைந்தால் டயர் மடிந்து மடிந்து சூடேறும். கூடிப்போனால் ரோட்டைப் பிடிக்காது. எவ்வளவு வேண்டும் என்று கதவுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது — நீங்களும் அதன் மேல் சாமி படம் ஒட்டாமல் இருந்தால்.

அன்றைக்குச் சாயந்திரமே பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மாப்பிள்ளை அழுத அழுகையை எழுதினால் என்னோடு பேச மாட்டார்.

மறுநாள் பகல், டயர் ஆறினதும் மறுபடி காற்றுப் பார்த்துவிட்டு நேரே வார்டுக்கு வந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண். பக்கத்துக் கட்டிலில் மகளைப் பார்க்க வந்திருந்த ஒரு சிங்கள அம்மா, குழந்தை பிறந்த நேரத்தைத்தான் 'மகனே' என்று அன்பாக விசாரித்தார்:

"கீயட்டத புத்தே?"

மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார். இந்தத் தடவை பதில் தெரியும் அல்லவா?

"திஹட்ட அம்மே! பஸ்ஸே திஸ்தெகட்ட!"

அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அர்த்தமானது இப்படி: முப்பதாவது நிமிஷம் ஒன்று... அப்புறம் முப்பத்திரண்டாவது நிமிஷம் ஒன்று!

"அனே! நிவுன்னுத?" — ஐயோ, ரெட்டைப் பிள்ளையா? — என்று எட்டி எட்டி இன்னொரு குழந்தையைத் தேடினார்.

செல்வி சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிங்களத்திலேயே சொன்னாள்:

"புள்ள ஒன்னுதான் அம்மே... மத்தது டயரு!"