கையைத் திறந்தது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரில், நந்திதுர்க் பக்கம், சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைடு மண்மேட்டுக்குக் கீழே உள்ள மைதானத்தில் நான் வில்லும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

நின்றுகொண்டே இருந்தேன்.

நாணை இழுப்பேன். கை நடுங்கும். இறக்குவேன். மறுபடி இழுப்பேன். என்னோடு வில் பழகும் தயாளன் பக்கத்தில் நின்று, இதற்குள் தன் அம்புகளை எல்லாம் விட்டு முடித்து, தண்ணீர் குடித்து, வீட்டுக்குப் போன் போட்டு, "வரும்போது கறி வாங்கினு வர்றேன்" என்று சொல்லியும் வைத்துவிட்டான். நான் இன்னும் முதல் அம்பிலேயே இருந்தேன்.

"இன்னாண்ணே, எதுனா வேண்டுதலா?" என்றான்.

வேண்டுதல் இல்லை. அம்பை விட முடியவில்லை. அவ்வளவுதான். எதிரே ஒட்டிய இலக்குக் காகிதத்தின் நடுவில் இருக்கிற மஞ்சள் வட்டத்துக்கு அம்பு முனை நேராக வந்ததும் என் வலதுகை விரல்கள் பூட்டிக்கொள்கின்றன. மூளை 'விடு' என்கிறது. விரல்கள் 'யார் சொன்னது?' என்கின்றன.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம் — என் மனைவி ரீட்டா வில்வித்தை கற்கப் போகிறேன் என்று கிளம்பியபோது இங்கே அவளைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன். அந்த வாரப் பத்தியை அவளும் படித்தாள். அடுத்த ஞாயிறு என்னையும் எழுப்பிக் கூட்டிப்போய் என் கையிலும் ஒரு வில்லைக் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் பழகுவது பழைய பாணி வில். ஒலிம்பிக்கில் பார்ப்பீர்களே, குறிபார்க்கும் கருவி, பாரம், கம்பி என்று ஒரு சைக்கிள் கடையே தொங்கும்... அதெல்லாம் இதில் கிடையாது. மரமும் மூங்கிலும் சேர்த்து ஒட்டிய ஒரு வில், ஒரு நாண், நீங்கள். தப்பு நடந்தால் பழி போட வேறு ஆளே கிடையாது.

சரி, ஒரு ஐம்பது வயதுக்காரன் அம்பை விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விஷயம் என்னோடு முடியவில்லை. மைசூரில் பழைய பாணி வில்லுக்கென்று ஒரு போட்டி. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று ஜோடியாக ஆட வேண்டும். ரீட்டா எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

ரீட்டா பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள்; எனக்கும் அங்கேதான் ஒரு அலுவலகத்தில் வேலை. விடியற்காலை ரயிலில் போய், இருட்டியபின் ரயிலில் வந்து, வந்ததும் அரிசி களைகிற வாழ்க்கை. வில்லைப் பிடித்தால் மட்டும் அவள் தோள் நிமிர்ந்துவிடும். அவள் அம்பு விடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

"ஊர்ல இருக்கறவங்க ரத்தத்த பார்த்தே என் காலம் போச்சுங்க," என்றாள் ஒருநாள் ரயிலில். "எனக்குன்னு ஒண்ணு வேணும். ஒரே ஒரு மெடல். தகரத்துல குடுத்தா கூட போதும்."

இதைக் கேட்டபிறகு எப்படித் தூங்குவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, பெரிய தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். "ரீட்டா, நீ தயாளனோட ஆடு. அவன்தான் நல்லா விடறான்."

"கேட்டுப் பாத்துட்டேன்," என்றாள். "பேரு குடுத்தா மாத்த முடியாதாம்."

வலித்தது. பொய் சொல்வானேன்?

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஒருவனுக்குத் தும்மல் வந்தால் காலை ரயிலில் ஏறி பெங்களூரில் இறங்குவதற்குள் பத்து மருந்து சொல்லிவிடுவார்கள். எனக்கும் சொன்னார்கள். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடி என்றார். ஒருவர் மூச்சை விட்டபின் அம்பை விடு என்றார். இடது கண்ணை மூடு என்றார் ஒருவர். இரண்டையும் திற, அதுதான் பழைய முறை என்றார் இன்னொருவர். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இலக்கைத் தவிர எதையும் பார்க்காதே என்கிறார். அடுத்த வீடியோவில் அதே வெள்ளைக்காரர் — சத்தியமாக அதே ஆள் — இலக்கை மறந்துவிடு என்கிறார்.

எந்தக் கண்ணுக்கு வலு அதிகம் என்று பார்க்கவும் ஒரு சோதனை உண்டு. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். காலையில் செய்தேன், வலது கண் என்று வந்தது. சாயந்திரம் செய்தேன், இடது. ரீட்டாவிடம் போய் நின்றேன்.

"உங்களுக்கு ரெண்டுமே வேல செய்யல. கட்டிக்கும்போதே தெரியும்," என்றாள்.

எங்கள் கோச் மஞ்சுநாத்துக்கு மட்டும் இது என்ன என்று தெரிந்திருந்தது. "டென்ஷன் பேடா, டென்ஷன் வேணாம் சார். இதுக்குப் பேர் டார்கெட் பேனிக், குறியைப் பாத்தாலே வர்ற பயம். எல்லாருக்கும் ஒருநாள் வரும்," என்றார். என்னை மண்மேட்டுக்குக் கிட்டே, ஏழெட்டு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். காகிதம் கிடையாது, வட்டம் கிடையாது. கைக்குக் கனம் குறைந்த வில். கண்ணை மூடி, நாணை வாய் ஓரம் வரை இழுத்து, முதுகுத் தசை இறுகுவதை மட்டும் கவனித்து, விட வேண்டும்.

விட்டேன். அழகாகப் போனது. திரும்பத் திரும்ப விட்டேன். மேட்டில் அம்புகள் பக்கத்தில் பக்கத்தில் போய்ச் செருகி நின்றன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மேட்டில் காகிதத்தை ஒட்டினார். விரல் பூட்டிக்கொண்டது.

ஒரு சாதாரணக் காகிதம்... அதற்கும் என் விரலுக்கும் என்ன பகை? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. அலுவலகத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்தும்போதுகூட என் விரலைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டேன்.

ரீட்டாதான் பிடித்தாள். அவள் லேப் புத்தி சும்மா இருக்காது. நான் நாணை இழுத்துக்கொண்டு நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்து, மறுநாள் காலை ரயிலில் போட்டுக் காட்டினாள். படத்தில் என் கண் ஒருமுறை இடதுபக்கம் போகிறது, ஒருமுறை வலதுபக்கம். உதடு அசைகிறது.

"யார எண்றீங்க?" என்றாள்.

"எண்றனா?"

"பாருங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... எண்ணிட்டு, மறுபடி மொதல்ல இருந்து எண்றீங்க."

போனை வாங்கி மறுபடி ஓடவிட்டேன். ஏனென்றால் அந்த எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ச் சுரங்கம் மூடுவதற்கு முன் சில வருஷம், மைசூர் மைன்ஸ் என்று இங்கே சொல்கிற பகுதியில், ஒரு ஷாஃப்டில் எனக்கு வேலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஷாஃப்ட் என்கிற அந்த ஆழ்குழியின் வாயில் நின்று, கீழே போகிறவர்களை கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றி, தலையை எண்ணி, கேட்டை மூடி, எஞ்சின் ரூமுக்கு மணி அடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டால் கயிறு ஓடிவிடும். 'கொஞ்சம் இருப்பா' என்று அப்புறம் கூப்பிட முடியாது. அதனால் நான் இடது வலது பார்ப்பேன், எண்ணுவேன், சந்தேகம் வந்தால் மறுபடி எண்ணுவேன். கடைசியாக ஏறின ஆள் உள்ளேயிருந்து கம்பியைத் தட்டி "ஆச்சு" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்காமல் நான் மணியில் கை வைத்ததே இல்லை.

என் ஷிஃப்டில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. நடந்திருந்தால் அந்தப் பயம் அங்கேயே வெடித்து முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றும் நடக்காததால் அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது போல.

வெறும் மண்மேடு என்றால் காலி கேஜ், காகிதம் ஒட்டினால் ஆள் ஏறின கேஜ் — இதுதான் கணக்கா? மஞ்சுநாத்திடம் சொன்னேன். நம்புகிறாரா இல்லையா என்று தெரியாத ஒரு பார்வை பார்த்தார். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்பதை இவ்வளவு அலங்காரமாகச் சொல்கிறேனோ?

ரீட்டாவுக்கு அந்தக் கவலை எல்லாம் கிடையாது. "காரணம் சரியோ தப்போ, மருந்து குடுத்துப் பாக்கலாம்," என்றாள். ஜோடிப் போட்டியில் ஒருவர் அம்பு விடும்போது மற்றவர் பின்னால் நிற்கலாம். பேசவும் செய்யலாம். அதற்குத் தடை இல்லை என்று மஞ்சுநாத்தும் சொன்னார்.

நான் இழுத்தேன். இடது பார்த்தேன், வலது பார்த்தேன். பின்னாலிருந்து ரீட்டா மெதுவாக, "ஆச்சு," என்றாள்.

அம்பு போய்விட்டது. நான் விடவில்லை... அது போய்விட்டது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே? ராஜினாமாக் கடிதம் போனில் அப்படியே கிடக்கும். பெண்ணின் விருப்பத்துக்குச் சரி சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் முடிவாகி மாதக்கணக்காகியிருக்கும். தம்பியிடம் பேச வேண்டும் என்று நம்பரை எடுப்போம், வைப்போம். எல்லாம் தயார். பின்னாலிருந்து ஒருவர் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி.

மைசூர் போனோம். தயாளனும் கைதட்டுவதற்கென்று லீவு போட்டுக்கொண்டு வந்தான். காலை முழுக்க மருந்து வேலை செய்தது. ரீட்டா "ஆச்சு" என்பாள், அம்பு போகும். எல்லாம் மஞ்சளில் விழுந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் போனது. என் ஓட்டையை எல்லாம் ரீட்டாவின் அம்புகள் அடைத்தன. மதியத்துக்கு மேல் மூன்றாம் இடத்துக்கு எங்களுக்கும் ஹாசன் ஜோடிக்கும் போட்டி என்று ஆகிவிட்டது.

கடைசி அம்பு என்னுடையது. மஞ்சளைச் சுற்றி இருக்கிற சிவப்பிலோ அதற்கு உள்ளேயோ விழுந்தால் மெடல். வெளியே போனால் வெறுங்கையோடு வீடு.

நாணை இழுத்தேன். எதிரே கடிகாரத்தில் எனக்குக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டிருந்தது. இடது, வலது. எண்ணினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி எண்ணினேன். ரீட்டா, சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்ட ஒரே ஒரு பொருள், அது என் மூன்று விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் அம்பு போய்விட்டது.

சிவப்பின் ஓரத்தில், கோட்டை உரசிக்கொண்டு நின்றது. நடுவர் குனிந்து லென்ஸை வைத்துப் பார்த்தார். கோட்டைத் தொட்டாலே உள்ளே என்றுதான் கணக்கு. அவர் நிமிர்ந்து, உள்ளேதான் என்று தலையை ஆட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். ரீட்டா தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்படி அழுது நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் மெடலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். எதிர் சீட்டிலிருந்து தயாளன் என் காதருகே குனிந்தான்.

"அண்ணே, அக்கா கடைசி அம்புக்கு சொல்லவே இல்லண்ணே. கண்ண மூடினு, கைய கோத்துனு ஜெபம் பண்ணினு நின்னாங்க. வாயே தொறக்கல."

வீட்டுக்கு வந்ததும் ரீட்டாவிடம் கேட்டேன். அவள் கோபப்பட்டாள். "சொன்னேனே. நான் சொல்லாம நீங்க விட்டுடுவீங்களா?"

நியாயமான கேள்வி. எனக்கு அவள் குரல் கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. அவள் சொல்லியிருந்தால், இந்தக் கைக்காக இனி ஆயுள் முழுக்க அவள் என் பின்னால் நிற்க வேண்டும். சொல்லவில்லை என்றால் என் விரல்கள் தானாகவே திறந்திருக்கின்றன, நான் குணமாகிவிட்டேன். இதில் எது உண்மை என்று யோசித்தே ஒரு வாரம் போய்விட்டது.

தயாளன் அந்தக் கடைசி அம்பைப் போனில் எடுத்து வைத்திருக்கிறானாம், சத்தத்தோடு. அனுப்பட்டுமா என்று தினமும் கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் — மஞ்சுநாத் அடுத்த போட்டிக்கும் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டார். இப்போது போய் உண்மை தெரிந்து தொலைத்தால் நான் என்ன செய்வேன்?