மான் வேட்டைக்கு எந்தத் துவக்கு?

எட்டாம் வகுப்புக் கணக்கில் நான் எடுத்த புள்ளியைச் சொன்னால் இதற்கு மேல் வாசிக்கமாட்டீர்கள். ஆனாலும் தொண்ணூறுகளில், கனடாவில், எங்கள் ஸ்காபரோ வீட்டின் இங்கிலிஷ் அதிகாரி நான்தான். வந்த கடிதங்களெல்லாம் நான் வாசித்துத்தான் எல்லாருக்கும் பிழையாக விளங்கின.

ஃபக்டரியில் நாலு வருடம் தனியாக இருந்து சாப்பிட்ட மாமாவை, அவருடைய வெள்ளைக்காரச் சுப்பர்வைசர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். மாமாவுக்கு நித்திரையில்லை. வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பி ஒன்று வாங்கி வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தார். எந்த அளவுத் துவக்கு என்பதுதான் மிச்சம். அதைப் பார்க்க ஒரு சனிக்கிழமை, ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டிச் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனோம். மொழிபெயர்க்க நான்.

சுப்பர்வைசர் மூன்று துவக்குகளை மேசையில் வைத்து விளக்கினார். குளிரில் எனக்கு ஒன்றுக்கு முட்டியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"மாமா, இருபத்திரண்டு முயலுக்காம். இருநூற்று நாற்பத்துமூண்டு மானுக்குக் காணுமாம், தோளிலை பெரிசா உதைக்காதாம். முந்நூற்றெட்டு, மூஸ் எண்ட மாடளவு மானையும் விழுத்துமாம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"முந்நூற்றெட்டு! அதுதான் பெரிய நம்பர்!"

பரீட்சைத் தாளில் காணாத நம்பரைத் துவக்கிலாவது காணும் ஆசை.

நான் கைகாட்ட, சுப்பர்வைசர் அதையே எடுத்துச் சுட்டுக் காட்டினார். மாமா காதுமூடியைக் கழற்றினார். போட்டார். திரும்பக் கழற்றினார்.

"உது வேண்டாம். ஊரிலை ஆமி வந்த அண்டைக்கு எங்கடை ஒழுங்கைக்குள்ளை கேட்ட சத்தம் உது. காதை மூடினாலும் தெரியுது. நடுவிலை கிடக்கிறதை எடுப்பம் எண்டு சொல்லடா."

அவ்வளவு நீளத்துக்கு என்னிடம் இங்கிலிஷ் இருக்கவில்லை. அவசரம் வேறு. பயம் என்று சுருக்கிவிட்டேன்.

"ஹீ இஸ் ஸ்கேர்ட்."

சுப்பர்வைசர் மாமாவின் முதுகில் மெல்லத் தட்டினார். மூன்றையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். நான் கழிப்பறைக்கு ஓடினேன்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது தொப்பி பின்சீற்றில் கிடந்தது. ஒரு சிவப்பு லைற்றில் மாமா சொன்னார்:

"நீ சொன்ன அந்தச் சொல்லு எனக்கு விளங்கும், தம்பி."

எனக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுக்குள் சப்பாத்தோடு ஓடி, "அம்மா, மாமாவுக்கு இங்கிலிஷ் விளங்குதாம்!" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு மாமா என்னை ஓரிடத்துக்கும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. மனுசன் நன்றாக முன்னேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.