விசிலைக் கழற்றிய டீச்சர்

இளவேனில் பின்பக்கமாக நடந்து வருகிறார். முகம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறது. முதுகுதான் வழியைப் பார்க்கிறது. பள்ளியின் நீளமான தாழ்வாரத்தில் தூணில் இடிக்காமல், கழற்றிப் போட்ட செருப்புகளில் தடுக்காமல் வாசல் வரைக்கும் அப்படியே வந்து சேர்கிறார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து அவரைத் தொடர்ந்து வருகின்றன. அவருடைய உதடுகள் தலைகளை எண்ணுகின்றன. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் எதிர்வரிசையை எண்ணுகிற ஆள் அவர். "சாப்புடுறவங்கள எண்ணாதம்மா, கண்ணு பட்டுரும்" என்று மாமியார் பலமுறை சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

வாசலில் இன்றைக்கு அவர் நின்றுவிட்டார். இரும்புக் கதவுக்கு வெளியே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் மைதானம். கீழவாஞ்சூர்த் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் படபடக்கப் போய்க்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் இங்கே நிற்கவே மாட்டார். பின்பக்கமாகவே சாலையையும் கடந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விடுவார். அந்தத் தைரியமெல்லாம் போய் மாதக்கணக்காகிறது.

குரும்பகரத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். வயலுக்குப் போகாத கால் என்று அண்ணன்மார் கிண்டல் செய்த காலோடு உடற்கல்வி படித்து, அரசு வேலைக்கு வந்துவிட்டார். குள்ளமான உருவம், சுடிதார், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. போனில் பேசும்போது ஒற்றைக் காலில் நிற்பார். ரேஷன் கடை வரிசையில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவார். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெளுப்புக் கோடு ஒன்று உண்டு. வருஷக்கணக்காக விசில் கயிறு வெயிலை மறைத்த இடம் அது. இப்போது அங்கே கயிறு இல்லை.

"சின்னப் புள்ளைங்களுக்கு வெளையாட்டு சொல்லித் தரக் கூடாதுங்க, ஒடம்பச் சொல்லித் தரணும்" என்பது அவர் கட்சி. கபடியும் கோகோவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நிற்கத் தெரிய வேண்டும், திரும்பத் தெரிய வேண்டும், விழத் தெரிய வேண்டும். சுண்ணாம்பு பிஞ்சுக் காலில் பட்டால் எரியும் என்று கோலமாவால் கோடு போடுவார். பழைய சைக்கிள் டயர்களைப் பரப்பி அதற்குள்ளே குதிக்க வைப்பார். நண்டு நடை, தவளைத் தாவல், கொக்கு நிற்பு என்று அவர் பாடத்திட்டம் பாதி வயலிலும் பாதிக் கடற்கரையிலும் இருக்கிறது. திண்டிலிருந்து குதித்தால் சத்தம் வரக் கூடாது. "பூனை எறங்குற மாதிரி எறங்கணும். சத்தம் கேட்டுச்சு, நீ தேங்கா மூட்ட" என்பார். ஒரு வகுப்பே பூனையாவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு குதிக்கும். குதித்துவிட்டு, "டீச்சர், நான் பூனையா மூட்டையா?" என்று வந்து கேட்கும்.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சிலை விளையாட்டுத்தான். மைதானம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு விசில். அந்த நொடியில் கை எங்கே, கால் எங்கே, அப்படியே நின்றுவிட வேண்டும். இரண்டாவது முறை ஊதினால்தான் உயிர் வரும். நடுவிலே யார் கூப்பிட்டாலும் அசையக் கூடாது. "நானே கூப்புட்டாலும் வரக் கூடாது. நான் ஏமாத்துவேன், நீ ஏமாறக் கூடாது" என்று அதற்கொரு சட்டம். அவரும் சளைக்காமல் ஏமாற்றுவார். "அஃபீஃபா, உங்கம்மா வந்துருக்காங்க பாரு" என்பார். "நிலா, மிட்டாய் தரேன் வா" என்பார். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அத்தனை பிள்ளைகளும் ஒரே விசிலில் உறைந்து நின்றதைப் பார்த்து வாய் பிளந்தார். டீச்சருக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

சிலைகளில் முதல் சிலை இரண்டாம் வகுப்பு அஃபீஃபா. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத பிள்ளை. "அஃபீஃபாவப் பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறா" என்று டீச்சர் நாள் தவறாமல் சொல்வார். அந்தப் பாராட்டைக் கேட்பதற்காகவே அவள் காய்ச்சலிலும் பள்ளிக்கு வருவாள்.

மழை விட்ட ஒரு காலைப்பொழுதில் அது நடந்தது. சாலையில் பிள்ளைகளைக் கடத்திவிடுகிறவர் காஜா நஜ்முதீன், ஊர்க்காவல் படைக்காரர். அதுவரை இரண்டு கைகளையும் விரித்தே வண்டிகளை நிறுத்திவந்தவர். அந்த வாரம்தான் அவருக்கும் ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகள் நின்றுவிட்டன. இளவேனில் பின்பக்கமாக நடக்க, பிள்ளைகள் சாலையில் இறங்கிவிட்டார்கள். மறுபக்கத்தில் லாரி ஒன்று இவர்களைக் கவனிக்காமல் வந்தது. காஜா லாரியைப் பார்த்து முழு மூச்சையும் சேர்த்து ஊதினார்.

பிள்ளைகள் சிலையானார்கள்.

நட்ட நடுச்சாலையில், தூக்கிய கால் தூக்கியபடி, வரிசை மொத்தமும் நின்றுவிட்டது. இளவேனில் "வாங்க, வாங்க, ஓடியாங்க" என்று கத்தினார். ஒரு பிள்ளையும் வரவில்லை. டீச்சர் ஏமாற்றுகிறார், நாம் ஏமாறக் கூடாது. அஃபீஃபா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததை இளவேனில் தம் கண்ணால் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊத மூச்சு வரவில்லை. லாரி கிறீச்சிட்டு, பக்கவாட்டில் இழுத்து, நின்றது. அதற்கும் அஃபீஃபாவுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. ஓட்டுநர் இறங்கி, சாலையிலேயே உட்கார்ந்து, யாரிடமாவது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். அப்போதும் பிள்ளைகள் அசையவில்லை. இளவேனில் எப்படியோ ஒரு முறை ஊதிய பிறகுதான் உயிர் வந்து ஓடினார்கள்.

அஃபீஃபா நேராக அவரிடம் வந்தாள். "டீச்சர், நான் சிரிக்கவே இல்ல. நாந்தானே பஸ்ட்டு?"

வேறு யார் திட்டியதும் இளவேனிலுக்கு அந்தக் கேள்வி அளவுக்கு வலிக்கவில்லை. மறுநாள் அஃபீஃபாவின் தாயார் ஆஸியா பீவி வந்து தலைமையாசிரியர் அறையில் உட்காராமல் நின்றபடியே கேட்டார். "புள்ளைய ஓட வுடத்தானே டீச்சர் ஒங்ககிட்ட அனுப்புனேன்? லாரிக்கு முன்னால நிக்கவா பழக்கி வுட்டீங்க?" இளவேனில் தலை நிமிரவில்லை. பழக்கியது உண்மைதானே.

தலைமையாசிரியர் குஞ்சிதபாதம் நல்ல மனிதர், வம்புக்குப் பயந்தவர். மைதானம் வேண்டாம், இனிமேல் தாழ்வாரத்திலேயே கையைக் காலை நீட்டி மடக்கினால் போதும் என்று சொல்லிவிட்டார். "ரிட்டயராவப் போறேம்மா. என்னை நிம்மதியாப் போவ வுடு."

"தாழ்வாரத்துல வெச்சிருந்தா விசில் மறந்துருமா சார்? சாயங்காலம் இதே ரோட்டத் தாண்டித்தானே வீட்டுக்குப் போவுதுங்க? எவனாவது ஊதினா அப்பவும் நிக்குங்க சார்."

அவர் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

அன்றைக்குத்தான் இளவேனில் கழுத்துக் கயிற்றைக் கழற்றினார். விசிலைக் கொண்டுபோய் மதிய உணவு பரிமாறுகிற பூவாயியிடம் கொடுத்து, "நெனச்சப்ப ஊதுங்கக்கா" என்றார். பூவாயிக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. சாம்பார் ஊற்றிக்கொண்டே ஊதுவார், கை கழுவும் இடத்தில் ஊதுவார். முதல் நாட்களில் ஊதின இடத்திலெல்லாம் பிள்ளைகள் நின்றார்கள், தட்டை ஏந்தியபடி, வாயில் சோற்றோடு. அதைப் பார்த்துப் பூவாயி சிரிப்பார். இளவேனில் நின்ற தலைகளை எண்ணுவார்.

ஊதினால் ஓடு என்று மாற்றிவிடுவது எளிது. சக ஆசிரியர்கள் அதைத்தான் சொன்னார்கள். சாலையோரத்தில் பத்திரமாக நிற்கிற பிள்ளை விசில் கேட்டு லாரிக்குள்ளே ஓடினால் என்ன செய்வது என்று இளவேனில் திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் யோசனை சொல்ல வரவில்லை. அவர் புதிதாக ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். "ஊதினா பாரு. யாரு ஊதுறா, எதுக்கு ஊதுறா, எந்தப் பக்கம் என்னா வருதுன்னு பாரு. பாத்துட்டு நீயே முடிவு பண்ணு." தாழ்வாரத்தில் டயரை உருட்டிவிட்டுப் பூவாயியை ஊதச் சொல்வார். சில பிள்ளைகள் விலகும், சில முன்னே தாவும், சில டயரோடு உருளும். நாள்பட நாள்பட எல்லாரும் தேறினார்கள், அஃபீஃபாவைத் தவிர. அவள் நிற்பாள். டயர் வந்து முழங்காலில் மோதினாலும் நிற்பாள். முதல் மாணவி அல்லவா.

"பாத்துட்டு என்னா பண்ணணும் டீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

"அத நீதாண்டா சொல்லணும்."

"நான் தப்பாச் சொல்லிட்டா?"

இளவேனில் அவள் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறோம், சொன்னதைச் செய்கிற பிள்ளையைத்தான் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லி வளர்த்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கோபம் கோபமாக வந்தது, எல்லாம் தம்மேல்தான்.

மைதானத்துக்காக அவர் பிறகும் தலைமையாசிரியரை விடாமல் அரித்தெடுத்தார். கடைசியில் குஞ்சிதபாதம் பந்தை ஆஸியா பீவியின் பக்கம் தள்ளிவிட்டார். அவர் சரியென்றால் தமக்கும் சரி. ஆஸியா பீவி யோசித்துச் சொன்னார். "ஒருநாள் தாண்டட்டும். நானும் வந்து பாக்குறேன். எம்புள்ள மறுபடி நடுரோட்ல நின்னுச்சுன்னா, அதோட இந்த மைதானப் பேச்சே எடுக்கக் கூடாது டீச்சர். அவளையும் வேற பள்ளிக்கூடத்துல சேத்துருவேன்."

அந்த ஒருநாள்தான் இன்றைக்கு. ஆஸியா பீவி பள்ளி வாசலை ஒட்டிய டீக்கடை நிழலில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நிற்கிறார். தலைமையாசிரியர் வாசல் கதவைப் பிடித்திருக்கிறார். இளவேனில் மட்டும் முதலில் தனியாகச் சாலையைக் கடந்து மைதானத்து விளிம்பில் போய் நின்றுகொண்டார். பிள்ளைகளைக் கூப்பிடுவதில்லை என்பது அவரே போட்டுக்கொண்ட நிபந்தனை. கூப்பிட்டு வந்தால் அது டீச்சர் சொல்லி வந்ததாகிவிடும். சாயங்காலம் டீச்சர் இருக்க மாட்டார்.

காஜாவுக்கு உதடு உலர்ந்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் விசிலைத் தொட்டதில்லை. "என்னையவே ஊதச் சொல்றீங்களே டீச்சரம்மா. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன், எனக்குக் கை ஓடல." சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் இறங்கினார்கள். பாதி வரிசை நடுச்சாலைக்கு வந்த பிறகு ஊதுவதாகப் பேச்சு.

ஆனால் பேசி வைத்தபடி ஊத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நின்ற லாரிக்கும் சாலையோரத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று புகுந்து வெளியே பாய்ந்தது. காஜா நிஜமாகவே பதறி ஊதினார்.

முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து எட்டி நடந்தார்கள். பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பின்வாங்கினார்கள். நடுவிலே, நிலாவின் கையைப் பிடித்திருந்த அஃபீஃபா நின்றாள்.

கல்லு மாதிரி நின்றாள். இளவேனிலின் நெஞ்சுக்குள்ளே "வா" என்ற சொல் கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டது. அவர் கையால் வாயைப் பொத்தினார். அந்தப் பக்கத்தில் ஆஸியா பீவி "யா அல்லா" என்று முனகியது லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இளவேனில் இன்னும் அழுத்திப் பொத்தினார். பல் உள்ளங்கையில் பதிந்தது.

அஃபீஃபாவின் கழுத்து திரும்பியது. முதலில் காஜாவைப் பார்த்தாள். காஜாவின் கண் போன திசையில் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள். நிலாவை ஒரே இழுப்பில் பின்னுக்கு இழுத்தாள். மீன் பெட்டி அவர்களுக்கு முன்னால் தண்ணீர் சிந்திக்கொண்டு போயிற்று. அவள் மறுபக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், நிலாவைக் கூட்டிக்கொண்டு மிச்சச் சாலையை நடந்து கடந்தாள். ஓடக்கூட இல்லை.

தலைமையாசிரியர் கதவை விட்டார். ஆஸியா பீவி டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைதானத்தைப் பார்த்துச் சரியென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

பிள்ளைகள் மைதானத்தில் ஏறி, ஒரு கை இடைவெளி விட்டு வரிசையில் நின்று, அடுத்தது என்ன என்று டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் வாயைப் பொத்திய கை பொத்தியபடியே இருந்தது. எடுத்தால் என்ன சத்தம் வெளியே வரும் என்று அவருக்கே தெரியவில்லை. அஃபீஃபா தலையைச் சாய்த்து அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். இன்றைக்குப் பயிற்சி இதுதான் போலிருக்கிறது என்று தன் உள்ளங்கையைத் தூக்கி வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து நிலா பொத்தினாள். பிறகு பக்கத்தில் இருந்தவன், அதற்குப் பக்கத்தில் இருந்தவள், வரிசை முழுக்கக் கைகள் ஏறின.

இளவேனில் தம்முடைய மற்றக் கையையும் தூக்கி, வாய்மேல் இருந்த கையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.