விமானம் கட்டிய வளையம்

பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன் நான். ஆனாலும் காசிமேட்டில் இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரன். புது வலைக்கயிற்றின் முறுக்கு போக, அதை நீளமாகக் கட்டி இழுக்க வேண்டும். அதற்குச் சோழவரத்தில் பாழடைந்து கிடக்கும் விமான ஓடுதளத்தைக் கண்டுபிடித்ததே நான்தான்.

போன மாதம் கயிற்றின் ஒரு முனையை, அந்தக் காலத்தில் விமானங்கள் காற்றில் நகராமல் கட்டிவைக்கத் தரையில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டினேன். மறுமுனையை என் வேனில் கட்டினேன்.

"மாமா, வளையம் துருப்புடிச்சிக் கீது" என்றான் கூட வந்த மச்சான், என் மனைவியின் தம்பி.

"ஏரோப்ளேனையே புடிச்சி வெச்சது, கவுத்துக்கு இன்னா ஆவும்? நீ நடுவுல நின்னு முறுக்கு போவுதான்னு பாரு."

வேனை நகர்த்தினேன். வளையம் தரையிலிருந்து பிய்ந்து, மச்சான் தலைக்கு மேலே பறந்து வந்து வேன் கண்ணாடியை உடைத்தது. கழன்ற செருப்பை மாட்டக் குனிந்திருந்ததால் பிழைத்தான்.

"அக்கா கேட்டா நீயே பதில் சொல்லு மாமா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இப்போதும் அங்கேதான் போகிறேன். ஆனால் கயிற்றை இரண்டு வேன்களுக்கு நடுவே கட்டுகிறேன். மச்சான் தூரமாகப் போய்க் கையைத் தூக்கிய பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.