கலங்கல் பலகை

நான் சிறுபிள்ளையாக இருந்த யுத்த காலத்தில், அரும்பாவூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊர் ஏரிக்கு அப்பாதான் தலைமை. கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அங்கே நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகை செருகி மண் அணைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். தை அறுப்புவரை நெல்லுக்கு அதுதான் உயிர். எப்போது செருகுவது, எப்போது பிடுங்குவது என்பதை அப்பா வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் பலகை செருகியபின் பெருமழை பிடித்துக்கொண்டது. பிடுங்கிவிடலாமா என்று ஆட்கள் வந்து நின்றார்கள். "மழ விட்டுடும், பொறுங்கடா" என்றார் அப்பா. மழை அவர் பேச்சைக் கேட்கவில்லை. கரை உடைந்து, கீழேயிருந்த அத்தையின் வயல் மணல்மேடாகிவிட்டது.

ஊரில் ஒருவரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆளோடு ஆளாக நின்று கரையை அடைத்தார்கள். அப்பாவின் தங்கையான அத்தையே வீடு தேடி வந்து, "மழைக்கு நீ என்னண்ணே பண்ணுவ? எந்திரிச்சு ஒரு வாய் சாப்புடு" என்றாள். அப்பாவோ சிரிப்பை விட்டார், கட்டிலை விட்டார், வெறுந்தரையில் படுத்தார். இப்படி ஒரு அப்பா யாருக்கு வாய்க்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த வருஷம் பலகை செருகும் நாள் வந்தது. அப்பா முடியாது என்றுவிட்டார்.

"வானம் வெளுத்துப்போச்சுங்க, செருகிடலாம்ங்க" என்று கெஞ்சினார்கள்.

"இன்னொரு தடவ என் வாயால ஊரு அழிய வேணாம்."

அவர்மேல் இருந்த மரியாதையில் ஊரும் அடங்கிப்போனது. அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. இருந்த தண்ணீர் வழிந்து ஓடியது. அதன்பின் ஒரு தூறல்கூட இல்லை. மார்கழியில் பால் பிடிக்க வேண்டிய கதிரெல்லாம் பதராக நின்றது. காசு கொடுத்தாலும் அரிசி கிடைக்காத காலம் அது.

அத்தை எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். "போன வருசமே ஊரு மன்னிச்சிடுச்சு அண்ணி. அண்ணன்தான் மன்னிக்கல. அதான் இப்ப எல்லாரு வூட்லயும் பட்டினி" என்றாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்பாவுக்கு ஊரில் யாரோ பகையாளி இருக்கிறான் என்று நான் புரிந்துகொண்டேன். அவர் மன்னிக்காத அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க, தெருவில் போகிற வருகிற முகங்களையெல்லாம் வெகுநாள் உற்று உற்றுப் பார்த்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.